வேஷம் நம்முடையது, ஊர் கம்பெனியுடையது

விருத்தாசலத்துக்கு ஹீரோ புதிதில்லை. 2005-ல் கட்சி தொடங்கிய விஜயகாந்த், மறு வருஷமே சட்டமன்றத் தேர்தலில் நின்றது இந்தத் தொகுதியில்தான். அந்தத் தேர்தலில் தே.மு.தி.க. பிடித்த ஒரே இடமும் இதுதான். சுவரில் கால் வைத்துச் சுழன்று நாலு பேரை உதைக்கிறவரைக் கோட்டைக்கு அனுப்பி வைத்த ஊர். ஆனால் அந்தக் கதையிலும் சரி, அதற்கு முந்தைய எம்.ஜி.ஆர். காலத்துக் கதையிலும் சரி, நமக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றுதான். கட்-அவுட் கட்டு, விசில் அடி, ஓட்டுப் போடு. ஹீரோ மேலே, நாம் கீழே.

இந்த ஏற்பாட்டைக் கலைத்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு. பெயர் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. 2004 ஏப்ரல் 27 அன்று வெளிவந்தது. அமெரிக்காவின் கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்க, தென்கொரியாவின் என்.சி.சாஃப்ட் வெளியிட்டது. பாராகன் சிட்டி என்றொரு கற்பனை நகரம். அதில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இணையம் வழியாக நுழைந்து, ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாகத் திரிவார்கள். ஜெயிக்க ஜெயிக்க லெவல் ஏறும். புதுச் சக்திகள் கிடைக்கும். 50-வது லெவல் உச்சம். இந்த விளையாட்டில் புழங்கும் காசுக்குப் பெயர் 'இன்ஃப்ளுயன்ஸ்', அதாவது செல்வாக்கு. நல்லது செய்தால் செல்வாக்கு சேரும், அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். இது எப்படி நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சூப்பர் ஹீரோக்களை வைத்து இந்த வகையில் பிறகு வேறு சில விளையாட்டுகளும் வந்தன. 2009-ல் 'சாம்பியன்ஸ் ஆன்லைன்', 2011-ல் 'டி.சி. யுனிவர்ஸ் ஆன்லைன்', 2013-ல் 'மார்வெல் ஹீரோஸ்'. எதுவும் முதலில் வந்ததை மிஞ்சவில்லை என்பது என் கட்சி. அதற்காக அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடப்போவதும் இல்லை. அதில் குறை நிறைய. சில குறைகள் இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிறவை.

அச்சும் கைவேலையும்

பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு வைத்திருக்கும் ஊர் விருத்தாசலம். தொழிற்பேட்டைப் பக்கம் போனால், நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் கொலு பொம்மை, தீபாவளி நெருங்கினால் அகல் விளக்கு, மற்ற நாட்களில் மின்சார ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும். பொம்மைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, கரைத்த களிமண் கூழை உள்ளே ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக மண் தோல் கட்டிக்கொண்டு வரும். கனம் போதும் என்று பட்டதும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் தலையிலிருந்து பீடம் வரை ஒரு கோடு தெரியும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். வர்ணம் பூசுவது கைவேலை. ஒரே அச்சில் வந்த நூறு பிள்ளையாருக்கு நூறு கண்.

சிட்டி ஆஃப் ஹீரோஸின் குணம், குற்றம் இரண்டும் இதற்குள் அடக்கம். ஹீரோவைக் கையால் செய்யவிட்டார்கள். அவன் செய்யும் வேலைகளை அச்சில் ஊற்றினார்கள். கோட்டைச் சுரண்ட மறந்துவிட்டார்கள்.

முதலில் கைவேலை. விளையாட்டுக்குள் நுழைந்ததும் வருவது உருவம் செய்யும் திரை. உயரம், தோள் அகலம், தாடை, முகமூடி, கையுறை, பெல்ட், பூட்ஸ், ஒவ்வொன்றுக்கும் நிறம், நிறத்துக்கு மேல் கோலம். வேட்டைக்காரன், ரோபோ, பேய், பாட்டி, பூசணிக்காய்த் தலையன், எது வேண்டுமானாலும் செய்யலாம். பெரும்பாலான இணைய விளையாட்டுகளில் சட்டை என்பது கவசம். பலமான கவசம் கிடைத்தால் பிடிக்காத சட்டையையும் போட்டாக வேண்டும். ஐம்பதாவது லெவலில் எல்லோரும் ஒரே யூனிஃபார்மில் நிற்பார்கள். இங்கே உடைக்கும் பலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. உடை என்பது ஆசை மட்டும். இந்த ஒரு முடிவுதான் அந்த விளையாட்டின் தலையெழுத்தை எழுதியது. அட்லஸ் பார்க் என்ற பேட்டையில், நகர மன்றத்துக்கு எதிரே பூமியைத் தோளில் தூக்கி நிற்கும் சிலையின் காலடியில் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே அலங்காரப் போட்டி வைத்தார்கள். பரிசு செல்வாக்கு. சண்டை போட வேண்டிய விளையாட்டில் மணிக்கணக்காக வரிசையில் நின்று சட்டை காட்டியவர்கள் ஏராளம். வெறுமனே உருவங்களைச் செய்துகொண்டே இருந்து, விளையாடவே மறந்தவர்களும் உண்டு.

நம் ஊருக்குப் பழமலை என்றும் பெயர், சாமியும் பழமலைநாதர். அந்தப் பெயரில் ஒரு கல் மனிதனைச் செய்தேன். தமிழ் எழுத்துக்கு இடமில்லை, ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். சுட்ட மண்ணின் சிவப்பு உடம்பு, பளபளக்கும் வெள்ளைக் கையுறை, மார்பில் விரிசல் மாதிரி ஒரு கோலம். 'டாங்கர்' வகை: அடி வாங்குவதே இவன் தொழில். சக்தி, கல் கவசம். இந்தக் கல் கவசத்தில் உச்சமான சக்தி ஒன்று உண்டு, 'கிரானைட் ஆர்மர்'. அதைப் போட்டால் உடம்பே பாறையாகிவிடும், இடி விழுந்தாலும் அசையாது. ஆனால் ஓட முடியாது, குதிக்க முடியாது, ஆமை நடைதான். அதைவிடக் கொடுமை, பாறை உருவம் வந்ததும் நாம் பார்த்துப் பார்த்துச் செய்த உடை முழுக்க அதற்குள் மறைந்து போகும். உடைக்காகவே பேர் வாங்கிய விளையாட்டில், கல் கவசக்காரர்கள் எல்லோரும் நெடுங்காலம் ஒரே பாறாங்கல்லாகத்தான் உலாவினார்கள்.

மேலங்கி விஷயம் இன்னும் வேடிக்கை. சூப்பர் ஹீரோ என்றாலே முதுகில் பறக்கும் துணிதான் ஞாபகத்துக்கு வரும். விளையாட்டு வெளிவந்தபோது அது இல்லை. காற்றில் அசையும் துணியைச் செய்யும் வேலை முடிந்திருக்கவில்லை. பிற்பாடு அதே வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்தார்கள். இடையில் துணி ஏன் இல்லை என்பதற்கு ஒரு கதை கட்டினார்கள். 'ரிக்டி' என்ற அயலுலகப் படையோடு நடந்த போரில் ஹீரோ 1 என்ற மாவீரன் மாண்டான். அவனுக்குத் துக்கம் காக்க நகரத்து வீரர்கள் எல்லோரும் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். 20-வது லெவலில் அவன் நினைவாக ஒரு வேலையை முடித்தால்தான் அணியும் உரிமை கிடைக்கும். வேலை முடியாததை மறைக்கக் கட்டிய கதையில் ஆட்டக்காரர்கள் மனம் உருகினார்கள். கதை சொல்லத் தெரிந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கைப்பை பறிபோன பெண்

அட்லஸ் பார்க் தெருமுனை. ஒரு பெண்ணின் கைப்பையை 'ஹெல்லியன்ஸ்' கும்பல்காரன் ஒருவன் பிடித்து இழுக்கிறான். அவள் விடாமல் இழுக்கிறாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்று வாயடிக்கிறார்கள். நாம் புகுந்து மூவரையும் சாய்க்கிறோம். அந்தப் பெண் ஓடிவந்து, நம் ஹீரோவின் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறாள். இதை முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வேறு விளையாட்டுகளில் முதல் லெவலில் எலியையும் பன்றியையும் அடித்துக்கொண்டிருப்போம். ஓர் ஆளுக்கு ஓர் எதிரி, அதற்கே மூச்சு வாங்கும். இங்கே முதல் தெருவிலேயே மூன்று பேரை ஒண்டியாக அடிக்கலாம். தமிழ் சினிமாவில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

கொஞ்ச நேரம் கழித்து அதே தெருவுக்குத் திரும்பி வந்தால் அதே இடத்தில் ஒரு பெண், அதே கைப்பை, அதே இழுபறி. நேற்றும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். ஐம்பது லெவல் ஏறி, அயலுலகப் படையை விரட்டி, நகரத்தைப் பலமுறை காப்பாற்றியவன் திரும்பி வந்தாலும் அந்தத் தெருமுனையில் கைப்பை இழுபடுவது நிற்கவில்லை. ஊர் மாறுவதே இல்லை. ஆயிரம் பேர் ஒரே ஊரில் ஆடும்போது ஒருவர் செய்தது ஊரை மாற்றிவிட்டால் மற்றவர்க்கு வேலை இருக்காதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் இந்தச் சிக்கல் மற்ற விளையாட்டுகளைவிட ஹீரோ விளையாட்டைத்தான் அதிகம் குடைகிறது. புதையல் தேடிப் போகிறவனுக்கு ஊர் மாறாவிட்டால் என்ன? அவனுக்குப் புதையல் கிடைத்தால் போதும். ஹீரோவுக்கு ஊர்தானே பரிசு!

கட்டடத்துக்குள் நடக்கும் வேலைகளில்தான் அச்சுக்கோடு பளிச்சென்று தெரியும். கிடங்கு, ஆபீஸ், சாக்கடைச் சுரங்கம், ஆய்வுக்கூடம், குகை. இவ்வளவுதான் மூலப் படங்கள்; அறைகளை முன்பின்னாக மாற்றிப் பொருத்துவார்கள். கடத்தப்பட்ட விஞ்ஞானியும் அந்த ஆபீஸில்தான் இருப்பார், வெடிகுண்டும் அந்த ஆபீஸில்தான் இருக்கும். அதே மேஜை, அதே லிஃப்ட், அதே வாடாத தொட்டிச்செடி. குகைகளில் தட்டுத்தட்டாக உயரும் ஒரு பெரிய அறை வரும். மேல்தட்டில் எதிரி நிற்பான், கீழே நாம் சுற்றிச் சுற்றி வழி தேடுவோம். ஆட்டக்காரர்கள் அதற்கு 'லேயர் கேக்' என்று பேர் வைத்துத் திட்டினார்கள். நானும் என் பங்குக்குத் திட்டியிருக்கிறேன், வேறு வார்த்தைகளில்.

2009-ல் கம்பெனி ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கதை எங்களிடம் தீர்ந்துவிட்டதா, நீங்களே எழுதுங்கள் என்று ஆட்டக்காரர்கள் கையில் கருவியைக் கொடுத்தது. எதிரி யார், என்ன பேசுவான், எங்கே ஒளிந்திருப்பான், எல்லாம் ஆட்டக்காரர் முடிவு. அருமையான கதைகள் வந்தன. அதைவிட வேகமாக, அடித்தால் உடனே லெவல் ஏறும்படி இளிச்சவாய் எதிரிகளை வரிசையாக நிறுத்திய 'பண்ணை'களும் வந்தன. ஒரே நாளில் உச்ச லெவலுக்குப் போனவர்கள், ஊரில் எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நின்றார்கள். கம்பெனி தண்டனைகள் அறிவித்தது. நல்ல கதை எழுதியவர்களும் சேர்ந்து அடி வாங்கினார்கள்.

பறப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பறத்தல், தாவல், மின்னல் ஓட்டம், இடம்விட்டு இடம் மறைதல் என நான்கு வழி. ஆரம்ப வருஷங்களில் 14-வது லெவலில்தான் இவை கிடைத்தன. அதுவரை கால்நடைதான். 'ஹாலோஸ்' என்று பூமி பிளந்து கிடக்கும் ஒரு பேட்டை. அதன் ஒரு முனையில் வேலை கொடுப்பவர், மறு முனையில் வேலை. இடையில் கும்பல் கும்பலாக எதிரிகள். நடந்து போய்ச் செத்து, ஆஸ்பத்திரியில் எழுந்து, மறுபடி நடந்து போய்ச் செத்தவர்கள் சபித்துக்கொட்டினார்கள். செத்தால் கடன் வேறு. அடுத்து சம்பாதிக்கும் அனுபவப் புள்ளியில் பாதியை அது விழுங்கும். ஆனால் அத்தனைக்கும் பிறகு முதல் முறையாகத் தரையைவிட்டு எழும்பி, நகர மன்றத்துக் கூரைக்கு மேலே போய் நின்று கீழே பார்க்கும் சுகம், நாலாவது லெவலிலேயே பறத்தலை எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்திருக்காது. பின்னாளில் அந்தச் சலுகை வந்தது. சரியான முடிவு என்று புத்தி சொல்கிறது, மனசு ஒப்பவில்லை.

கூட்டாளி

இந்த விளையாட்டை இருபது வருஷம் கழித்தும் பேசவைப்பது உடை மட்டுமல்ல. நண்பன் ஆறு மாதம் முன்னால் சேர்ந்து 40-வது லெவலில் இருக்கிறான். நாம் இன்றைக்குச் சேர்ந்து 5-வது லெவலில் இருக்கிறோம். அன்றைய மற்ற விளையாட்டுகளில் இருவரும் சேர்ந்து ஆடவே முடியாது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் முதல் நாளிலிருந்தே இதற்கு 'சைட்கிக்' என்று வழி வைத்திருந்தது. பெரியவன் சின்னவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால், சின்னவனுடைய பலம் கிட்டத்தட்ட பெரியவன் அளவுக்கு உயரும். பெரியவன் கீழே இறங்கிவரவும் வழி உண்டு. 2009-ல் இது தானாகவே நடக்கும்படி ஆக்கினார்கள். அண்ணனும் தம்பியும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார இதைவிட நல்ல ஏற்பாடு அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் இல்லை.

எட்டுப் பேர் வரை ஒரு அணி. மற்ற இடங்களில் அணியில் வைத்தியர் இல்லையென்றால் வைத்தியருக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இங்கே யார் வந்தாலும் ஓடும். அடுத்தவருக்குப் பலம் கூட்டுவதே வேலையான 'டிஃபெண்டர்'கள் எட்டுப் பேரும் சேர்ந்துவிட்டால், ஒருவர் பலம் மற்றவர் மேல் ஏறி, ஏறி, எதிரே எதுவும் நிற்காது. சேர்வதில் கெடுபிடி இல்லாததால்தான் அங்கே பேச்சும் இனிமையாக இருந்தது. புதியவனைத் திட்டித் துரத்தும் வழக்கம் குறைவு.

நடுவில் ஒரு பெரிய மனத்தாங்கலும் வந்தது. ஆரம்பத்தில் ஒரு டாங்கர் மொத்தக் கட்டடத்து எதிரிகளையும் தன்னை நோக்கி இழுத்து ஒரு மூலையில் குவித்துக் கொல்ல முடிந்தது. 2005-ல் அடுத்தடுத்து இரண்டு பதிப்புகளில் அதற்கெல்லாம் கடிவாளம் போட்டார்கள். தற்காப்பைக் குறைத்தார்கள், ஒரே வகை மெருகேற்றலை ஒரு சக்தியில் அடுக்கினால் மூன்றுக்கு மேல் பலன் அனேகமாகக் கிடைக்காது என்றார்கள். விளையாட்டு சீரானது உண்மை. ஆனால் நேற்றுவரை மலையாக இருந்தவனை இன்று காலை வெறும் கல்லாக்கியதை ஆட்டக்காரர்கள் மறக்கவில்லை. எத்தனையோ பேர் அத்தோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

மாயாவிக்கு மூக்கணாங்கயிறு

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் சித்திரக்கதை அது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்ற உடம்பு மறைந்துபோகும் அந்த ஆள், தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே சொந்தக்காரன் ஆனான். அப்படிப்பட்ட ரசிகன் கையில் உருவம் செய்யும் கருவி கிடைத்தால் முதலில் யாரைச் செய்வான்? மாயாவியைத்தான். அமெரிக்கச் சிறுவர்களும் அதையேதான் செய்தார்கள். பச்சை அரக்கனையும் நகம் நீட்டும் வீரனையும் செய்தார்கள். 2004 நவம்பரில், அந்தப் பாத்திரங்களுக்குச் சொந்தமான மார்வெல் நிறுவனம் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கின் சுவாரசியம் எதிர்பாராத இடத்தில் வந்தது: திருட்டுக்குச் சாட்சி என்று மார்வெல் தரப்பு காட்டிய உருவங்களில் சில, மார்வெல் தரப்பே உட்கார்ந்து செய்தவை என்று தெரியவர, நீதிபதி அவற்றை ஒதுக்கினார். 2005 டிசம்பரில் சமரசம். உருவம் செய்யும் கருவியில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் காவல் இறுகியது. யாரையாவது அப்படியே நகலெடுத்தவர் மாட்டினால், ஹீரோவின் பெயரைப் பறித்து 'ஜெனரிக்' என்று தொடங்கும் ஒரு பேரை ஒட்டிவிடுவார்கள்.

அதைவிட வேடிக்கை, வழக்கில் மாட்டிய அதே கிரிப்டிக், பிறகு மார்வெலுக்காகவே ஓர் இணைய விளையாட்டைச் செய்ய ஒப்பந்தமானது. பணம் போட்டது மைக்ரோசாஃப்ட். 2008-ல் அது கைவிடப்பட்டது. சிட்டி ஆஃப் ஹீரோஸை ஏற்கெனவே என்.சி.சாஃப்டுக்கு விற்றாயிற்று. கையில் இருந்த வேலையைத் தூக்கி, 1981-ல் வந்த ஒரு மேஜை விளையாட்டின் பெயரை விலைக்கு வாங்கி ஒட்டி, 2009-ல் சாம்பியன்ஸ் ஆன்லைன் ஆக்கினார்கள். அதில் ஒரு யோசனை தங்கம்: ஹீரோவை மட்டுமல்ல, அவனுடைய பரம எதிரியையும் நாமே செய்யலாம். வேஷம், பேர், கூலிப்படை எல்லாம் நம் விருப்பம். நம்பியார் இல்லாமல் எம்.ஜி.ஆர். உண்டா? ஆனால் அந்த எதிரி வருவதற்குள் செய்வதற்கு வேலையே தீர்ந்துவிடும். வெளிவந்த அன்றே ஒரு திருத்தம் போட்டு எல்லோருடைய பலத்தையும் குறைத்துக் கெட்ட பேர் வாங்கியதும் அதே விளையாட்டுதான்.

டி.சி. யுனிவர்ஸ் ஆன்லைன் பணக்கார வீட்டுப் பிள்ளை. சோனி வெளியிட்டது, படங்களின் பொறுப்பு ஜிம் லீ, பேட்மேனுக்குக் குரல் கெவின் கான்ராய், ஜோக்கருக்கு மார்க் ஹாமில். சண்டை விறுவிறுப்பு. காரைத் தூக்கி அடிக்கலாம், சுவரில் ஓடலாம். சிட்டி ஆஃப் ஹீரோஸில் பித்தானை அழுத்திவிட்டு ஹீரோ கையை ஓங்கும்வரை காத்திருக்க வேண்டிய தொல்லை இதில் இல்லை. அச்சடித்த ஆபீஸ்கள் இல்லை. கோதம், மெட்ரோபோலிஸ் இரண்டும் கண்ணுக்கு நிறைவு. ஆனால் நீங்கள் சூப்பர்மேன் ஆக முடியாது. சூப்பர்மேனோ பேட்மேனோ வொண்டர் வுமனோ உங்களுக்கு குரு. அவர் பேசுவார், நீங்கள் செய்துவிட்டு வர வேண்டும். மறுபடியும் ரசிகர் மன்ற உறுப்பினர் வேலை! 30-வது லெவல் சீக்கிரம் வந்துவிடும், அதன்பிறகு கவசத்தின் எண்ணை உயர்த்த அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 2011 நவம்பரிலிருந்து இலவசம்தான். ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாத 'டைம் கேப்ஸ்யூல்' பெட்டிகளைத் திறக்கக் காசு கேட்கும்.

ஆற்றில் போட்டது

2012 ஆகஸ்ட் 31 அன்று, சிட்டி ஆஃப் ஹீரோஸை மூடப்போவதாக என்.சி.சாஃப்ட் அறிவித்தது. நவம்பர் 30 கடைசி நாள். விளையாட்டு நஷ்டத்தில் தள்ளாடியதாக ஆட்டக்காரர்கள் நம்பவில்லை. அட்லஸ் பார்க் சிலையடியில் ஹீரோக்கள் தீப்பந்தம் ஏந்திக் கூடினார்கள். கூட்டம் தாங்காமல் சர்வர் அந்தப் பேட்டையைப் பிரதி மேல் பிரதி எடுத்துக்கொண்டே போனது. மனுப் போட்டார்கள், கடிதம் எழுதினார்கள். விருத்தாசலத்துக்காரனுக்கு நியாயம் கிடைக்காவிட்டால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வரலாம். அவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. குறித்த நாளில் சர்வர் நின்றது. எட்டரை வருஷம் செதுக்கிய வேஷங்களும் அத்தோடு போயின. மாதச் சந்தா கட்டியவர்கள், காசு கொடுத்து உடை வாங்கியவர்கள், யாருக்கும் ஒரு பிடி மண்கூட மிஞ்சவில்லை. இந்த வகை விளையாட்டின் ஆகப் பெரிய குறை குகையுமல்ல, ஆபீஸுமல்ல, இதுதான். மார்வெல் ஹீரோஸுக்கும் 2017 நவம்பரில் இதே கதி வந்தது. உரிமம் கொடுத்த டிஸ்னி கையை விலக்கியதும் ஒரே மாதத்துக்குள் கடை மூடிக்கொண்டது.

சுந்தரர், திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் கொண்ட நம் ஊரில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஊரறிந்த கதை. கேலி செய்கிறவர்களுக்கு முன்னால் பொன்னும் கிடைத்தது. அந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு: ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் கொஞ்சம் பொன்னை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்தது அதே மாற்றுத்தானா என்று உரைத்துப் பார்க்க அது உதவியது.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் விஷயத்திலும் 2019 ஏப்ரலில் அப்படியொரு சேதி வெடித்தது. மூடிய விளையாட்டை ஒரு சிறு குழு ரகசியமாக வருஷக்கணக்கில் தங்களுக்குள் நடத்திவந்திருக்கிறது என்று. ஆறு வருஷம் அழுதவர்களுக்கு ஆனந்தத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. ரகசியம் உடைந்ததும் நிரல்கள் வெளியே வந்தன. ஆட்டக்காரர்களே நடத்தும் சர்வர்கள் முளைத்தன. அவற்றில் பெரியது 'ஹோம்கமிங்'. 2009 முதலே உடையைக் கோப்பாகத் தம் கம்ப்யூட்டரில் சேமிக்க வசதி இருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்தக் கோப்பை விட்டுவைத்திருந்தவர்கள் தேடி எடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். பழைய ஹீரோ, அதே நிறம், அதே பூட்ஸ். மச்சம் ஒத்துப்போனது. சட்டப்படி இதெல்லாம் அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜனவரியில் என்.சி.சாஃப்ட் ஹோம்கமிங்குக்கு முறையான உரிமம் கொடுத்தது. ரசிகர்கள் கையகப்படுத்தியதைக் கம்பெனியே அங்கீகரிப்பது இந்தத் தொழிலில் அபூர்வம். ஆனாலும் கொடுத்தது உரிமம். உடைமை இன்னமும் என்.சி.சாஃப்டிடம்தான்.

2004-ல் இந்த விளையாட்டு நம் பக்கம் எட்டிப் பார்க்காததற்குக் காரணம் ரசனையல்ல, செலவு. பெட்டி 50 டாலர். அதன்மேல் மாதம் 15 டாலர், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 680 ரூபாய். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தவனிடம் சர்வதேச கிரெடிட் கார்டுக்கு எங்கே போவது? இன்று ஹோம்கமிங்கில் ஆடக் காசே வேண்டாம். மாதாமாதம் நன்கொடை வாங்குகிறார்கள், செலவுக்கான தொகை சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இருபது வருஷத்துப் பழைய விளையாட்டு என்பதால் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் கம்ப்யூட்டரே போதும். சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதால் பித்தானை அழுத்தி அடி விழக் கால் நொடி தாமதமாகலாம். டி.சி.யின் வேகச் சண்டையில் அது உயிரை வாங்கும். இலக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிதானமாக அடிக்கும் சிட்டி ஆஃப் ஹீரோஸில் அவ்வளவாக உறைக்காது. 2004-ல் குறையாகச் சொன்ன மந்தம், விருத்தாசலத்தில் இருந்து ஆடுகிறவனுக்குச் சௌகரியமாகிவிட்டது.

ஆன்லைன் கேம் என்றதுமே வீட்டில் பெரியவர்களுக்கு ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் 2022 சட்டமும், 2025-ல் வந்த மத்தியச் சட்டமும் குறிவைப்பது பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை. இவை அந்தக் கணக்கில் வராது. அப்பா அம்மா பார்க்க வேண்டியது மூன்று: டி.சி., சாம்பியன்ஸ் இரண்டிலும் கார்டு எண் கேட்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள். எல்லா விளையாட்டிலும் முன்பின் தெரியாதவர்களோடு நடக்கும் பேச்சு. பிறகு நேரம். பி.ஜி.எம்.ஐ. என்ற மொபைல் விளையாட்டில் அரை மணியில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வரலாம். எட்டுப் பேர் அணியில் நடுவில் எழுந்துபோனால் மற்ற ஏழு பேர் திட்டுவார்கள். சில தொடர் வேலைகள் மூன்று நான்கு மணி நேரம் இழுக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர், ஐரோப்பாவுக்கான 'ரீயூனியன்' சர்வரில் சேர்ந்தால் வேகம் கொஞ்சம் தேவலாம். ஆனால் அங்கே கூட்டம் களைகட்டுவது நம் நள்ளிரவில். அமெரிக்க சர்வர் என்றால் அவர்களுடைய ராத்திரி எட்டு மணி நமக்கு விடிகாலை. காலையில் காபிக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் அமெரிக்க சர்வரையே எடுக்கலாம், அணி உடனே கிடைக்கும். முதல் ஹீரோவாக 'ஸ்கிராப்பர்' வகையைச் செய்யுங்கள். ஒண்டியாகவும் நிற்பான், அணியிலும் பொருந்துவான். டாங்கரே வேண்டும், அதிலும் கல் கவசமே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், பறத்தலை விட்டுவிட்டு இடம்விட்டு இடம் மறையும் சக்தியை எடுத்துக்கொள்வது நல்லது.